மென்பொருளும் விளையாட்டும்

விளையாட்டு என்னும் சொல்லை நம்மவர் இருவகையாக வழங்குவர். ஒரு காரியத்தைக் கருத்தின்றிச் செய்து கெடுத்தவனைப் பார்த்து, "விளையாட்டாகச் செய்துவிட்டாய்" என்று கடிந்துகொள்வர். அரியதொரு காரியத்தை வருத்தமின்றி முடித்தவனைப் பார்த்து, "விளையாட்டாகவே செய்துவிட்டாய்" என்று வியந்துகொள்வர். கடிதற்கும் வியத்தற்கும் ஒரு சொல்லே உதவுவது தற்செயல் என்று யாம் கருதவில்லை. முன்னர்க் கவலையின்றி ஆடிப் பழகியவனே பின்னர் வருத்தமின்றி முடிக்க வல்லவனாகின்றான். இவ்வுண்மை எல்லாக் கருவிகளுக்கும் ஒருவாறு பொருந்துமாயினும், கணிப்பொறியை இயக்குவதாகிய மென்பொருளுக்கு முற்றும் பொருந்தும். அதனை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சிக்குக் காரணமும் ஒன்று உண்டு. நம் கல்லூரிக் கணிப்பொறி அறையின் வாயிலில் ஒரு பலகை தொங்குகின்றது. அதில் எழுதப்பட்டுள்ள ஏழு விதிகளுள் நான்காவது, "இங்கு விளையாடுதல் கூடாது" என்பது. மாணவ நண்பர் பலர் அதனைப் படித்திருப்பர். சிலர் அதன்பொருட்டுத் தண்டமும் இறுத்திருப்பர். அவ்விதியை வரைந்த குழுவில் யாமும் ஒருவராய் இருந்தோம் என்பதை மறைத்தல் முறையன்று. அந்நாளில் அது நன்றென்றே எண்ணினோம். இன்று அது தவறென்று எண்ணுகின்றோம். ஒருமுறை கையொப்பமிட்ட கருத்தை மாற்றிக்கொள்ளும்போது, மாற்றியதன் காரணத்தையும் பலரறியச் சொல்லுதல் கடமையாதலின் இதனை எழுதலாயினோம்.

விளையாட்டாவது யாது? தானே விரும்பிப் புகுவது, பிழைத்தவிடத்துத் தண்டமில்லாதது, முடிந்தபின் மீண்டும் தொடங்கத்தக்கது, விதிகளுக்கு உட்பட்டுநின்றே அவற்றின் எல்லையைச் சோதித்துப் பார்க்க இடந்தருவது. இந்நான்கும் ஒருங்கே அமைந்ததை விளையாட்டு என்னலாம். பல்லாங்குழி ஆடும் சிறுமி, புளியங்கொட்டைகளைக் குழிதோறும் இட்டுச் செல்லும்போது எண்ணலையும் பகுத்தலையும் முன்னோக்கிக் கணித்தலையும் பழகுகின்றாள். தான் கணக்குக் கற்பதாக அவள் நினைப்பதில்லை. அடுத்த குழியில் எத்தனை காய் உள என்று பார்ப்பதிலேயே அவள் கருத்தெல்லாம் நிற்கும். அன்று தோற்றாலும் நாளை மீண்டும் ஆடலாம் என்னும் துணிவு அவளுக்கு உண்டு. அத்துணிவே கல்வியின் முதற்படி என்க.

இனி, மென்பொருளுக்கும் ஏனைக் கருவிகளுக்கும் உள்ள வேற்றுமையை நோக்குவோம். உளியைக் கண்டவன் அதன் வடிவைக் கொண்டே அது செதுக்குதற்குரியது என்று உணர்வான். தறியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பவன் நெய்தலின் முறையை ஒருவாறு தெரிந்துகொள்வான். மென்பொருளோ கண்ணுக்குப் புலனாகும் வடிவம் உடையதன்று. திரையில் தோன்றும் படங்களும் எழுத்துக்களும் அதன் முகமேயன்றி உறுப்புக்கள் அல்ல. இதனை அழுத்தினால் என்ன நிகழும் என்பதை அழுத்திப் பார்த்தே அறிதல் வேண்டும். விளக்க நூல்கள் உளவே எனின், அவை நூலாசிரியர் எதிர்பார்த்த வினாக்களுக்கே விடை கூறும். கற்பவன் உள்ளத்தில் எழும் வினா பெரும்பாலும் அவற்றில் இராது.

மற்றொரு வேற்றுமையும் உண்டு. தச்சன் மகன் உளியை எடுத்து விளையாடினால் மரமும் கெடும், விரலும் புண்படும். மென்பொருளில் எழுதியதை அழிக்கலாம், அழித்ததை மீட்கலாம், ஒரு படியைக் கெடுத்தால் செலவின்றி மற்றொரு படி எடுக்கலாம். வங்கியிலும் மருத்துவமனையிலும் பிறர் பொருளுக்கும் உயிருக்கும் காவலாய் நிற்கும் மென்பொருள்கள் இதற்கு விலக்கு. ஆங்கும், மாதிரிப் படியொன்றில் அச்சமின்றி ஆடிப் பழகியவனே நெருக்கடியில் கைந்நடுங்காமல் நிற்பான். ஆகவே, விளையாட்டினால் பெருநஷ்டமின்றிக் கற்கத்தக்கதும், விளையாட்டின்றி நன்கு கற்கவியலாததும் ஆகிய கருவி மென்பொருளே என்பது எம் துணிபு.

இது வெறும் தர்க்கமன்று. மென்பொருளின் சரித்திரமும் இதற்குச் சான்று பகரும். அமெரிக்க தேசத்திலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற்கு 1961-ஆம் ஆண்டில் பி.டி.பி.-1 என்னும் கணிப்பொறி ஒன்று வந்து சேர்ந்தது. அதன் விலை ஏறக்குறைய 1,20,000 டாலர். அத்துணை விலையுயர்ந்த பொறியைக் கொண்டு ஸ்டீவ் ரஸ்ஸல் என்பவரும் அவர்தம் நண்பரும் 1962-இல் செய்தது யாது? திரையில் இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுட்டு வீழ்த்தும் 'ஸ்பேஸ்வார்' என்னும் விளையாட்டு. இன்று நம் பலகையின் முன் அவர்களை நிறுத்தினால் நான்காம் விதியின்படி வெளியேற்றப்படுவர். ஆயினும், நடுவிலுள்ள விண்மீனின் ஈர்ப்பையும் கலங்களின் வேகத்தையும் கணத்துக்குக் கணம் கணக்கிட்டுத் திரையில் காட்டவேண்டிய அவ்விளையாட்டு, பொறியின் ஆற்றல் முழுவதையும் வேலை வாங்கிற்று. அதனால் அப்பொறியைச் செய்து விற்ற நிறுவனத்தாரே, பொறி பழுதின்றி இயங்குகின்றதா என்று சோதிப்பதற்கு அவ்விளையாட்டைப் பயன்படுத்தினர்.

இதனினும் வியக்கத்தக்கது மற்றொரு வரலாறு. பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய கென் தாம்ஸன் என்பவர் 1969-ஆம் ஆண்டில் 'ஸ்பேஸ் டிராவல்' என்றொரு விளையாட்டை எழுதினார். சூரியனையும் கோள்களையும் சுற்றி ஒரு கலத்தைச் செலுத்தி, வேண்டிய கோளில் இறங்குதலே அதன் நோக்கம். அங்கிருந்த பெரிய கணிப்பொறியில் அதை ஒருமுறை ஆடுதற்கு ஏறத்தாழ 75 டாலர் பெறுமான பொறிநேரம் செலவாயிற்று. அச்செலவு கட்டாதெனக் கண்ட தாம்ஸன், அதிகமாக எவரும் பயன்படுத்தாது கிடந்த பி.டி.பி.-7 என்னும் சிறிய பொறியொன்றைக் கண்டெடுத்து, தம் நண்பர் டென்னிஸ் ரிச்சியின் துணையுடன் விளையாட்டை அதற்கேற்ப மாற்றி எழுதினார். அம்முயற்சியில் அப்பொறியின் இயல்பெல்லாம் அவருக்குக் கைவந்தன. பின்னர், கோப்புக்களை ஒழுங்குபடுத்தி வைத்தற்கும் நிரல்களை இயக்குதற்கும் உரிய பகுதிகளை ஒவ்வொன்றாக அதன்மேல் எழுதி அமைத்தார். அவ்வாறு பிறந்ததே யூனிக்ஸ் என்னும் இயக்கமுறை. அதன் வழியைப் பின்பற்றி 1991-இல் ஹெல்சிங்கி நகரத்துப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸே இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு அடித்தளமாய் உள்ளது. அவரும் தம் வரலாறு கூறும் நூலுக்கு, மகிழ்ச்சிக்காகவே செய்ததென்னும் பொருள்படப் பெயரிட்டார். விளையாட்டு மட்டுமே இவற்றைப் படைத்தது என்று யாம் கூறவில்லை. கூர்த்த அறிவும் நெடிய உழைப்பும் உடன் இருந்தன. ஆயினும், அறிவையும் உழைப்பையும் அப்பொறியின் பக்கம் முதலில் ஈர்த்தது ஓர் ஆடல் என்பதை மறுத்தற்கில்லை.

இவர்களெல்லாம் மென்பொருளை ஆக்கியோர். அதனைப் பயன்படுத்துவோர்க்கு விளையாட்டு எற்றுக்கு என்று வினவுவார் உளர். அவர்களுக்கு எம் அனுபவமொன்றையே விடையாகக் கூறுவோம்.

யாம் இக்கல்லூரியில் சேர்ந்த நாளில் கணிப்பொறி அறை ஒரு கர்ப்பக்கிருகத்தை ஒத்திருந்தது. பாதரட்சைகளை வாயிலில் கழற்றிவைத்த பின்னரே உட்புகுதல் வேண்டும். உள்ளே குளிர்ச்சி, பேச்சில்லை, பொறிகளின்மேல் துணியுறை. அந்நாளில் எங்கள் அலுவலகத்திலும் ஒரு கணிப்பொறி வந்து இறங்கிற்று. ஆங்குத் தட்டச்சு வேலையில் முப்பதாண்டு பழகிய பெரியவர் ஒருவர் இருந்தார். கண்ணை மூடிக்கொண்டே பிழையின்றித் தட்டவல்ல அவர், மவுஸ் என்னும் சுட்டியைக் கையிலெடுத்தபோது நடுங்கினார். "தம்பி, இது உடைந்துபோனால் என் சம்பளத்தில் பிடிப்பார்களோ?" என்று எம்மை அழைத்து மெல்லக் கேட்டார். மூன்று நாட் பயிற்சியும் அவர் அச்சத்தைப் போக்கவில்லை. குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்ட படிகளை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுவார். ஒருபடி தவறினால் கைகளை விலக்கிக்கொண்டு யாரேனும் வருமளவும் காத்திருப்பார்.

அவ்வமயம் அப்பொறியில் சாலிட்டேர் என்னும் ஒற்றையாள் சீட்டாட்டம் இருந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 1990-இல் வெளியிட்ட விண்டோஸ் 3.0-உடன் அதனைச் சேர்த்து வழங்கியிருந்தனர். அதை எழுதியவர் அந்நிறுவனத்தில் பயிற்சி பெற வந்திருந்த வெஸ் செரி என்னும் இளைஞர். சீட்டுக்களின் வடிவத்தைத் தீட்டியவர் சூஸன் கேர் என்னும் அம்மையார். ஒரு சீட்டைப் பற்றி இழுத்து மற்றொன்றின்மேல் விடுதலே அவ்வாட்டத்தின் தொழில். சுட்டியைப் பிடித்தல், அழுத்தியபடி இழுத்தல், உரிய இடத்தில் விடுதல் என்னும் மூன்றும் அதில் தாமே கைப்பழக்கமாகிவிடும். எங்கள் பெரியவர் சீட்டாட்டத்தில் வல்லவர். உணவு இடைவேளையில் அதனைத் தொடங்கினார். மூன்று வாரம் கழிந்தபின் அவரே அலுவலகத்துப் பதிவேடுகளைக் கணிப்பொறியில் ஏற்றலானார். "முன்பு நான் இதற்கு அஞ்சினேன், இப்பொழுது இது எனக்கு அஞ்சுகிறது, தம்பி" என்று சிரித்தார். பயிற்சியில் பெறாததை ஆட்டத்தில் அவர் பெற்றது எங்ஙனம்? பயிற்சியில் ஒவ்வொரு பிழையும் பிறர் முன்னிலையில் நிகழ்ந்தது. ஆட்டத்தில் பிழைத்தால் சீட்டைக் கலைத்து மீண்டும் இடுதலே தண்டம். மாறியது அவர் அறிவன்று, அவர் நிலையே. பணிந்து நின்றவர் ஆளத் தொடங்கினார்.

குழந்தைகள் விஷயத்தில் இவ்வுண்மையை முன்னமே உணர்ந்தோர் சிலர் இருந்தனர். 1967-இல் ஸெய்மர் பாப்பெர்ட், வாலி ஃபார்ஸைக், ஸிந்தியா ஸாலமன் முதலியோர் 'லோகோ' என்னும் நிரல்மொழியைச் சிறுவர்க்கென ஆக்கினர். ஓர் ஆமையை முன்னே செல், வலப்புறம் திரும்பு என்று ஏவி, அது செல்லும் வழியே கோடு கீறச் செய்தல் அதன் சிறந்த பகுதியாயிற்று. சதுரம் கீற நினைத்த சிறுவன் திருப்பத்தின் அளவைத் தவறாகக் கொடுத்தால், வேறொரு வடிவம் தோன்றும். அவன் அழுவதில்லை, அவ்வடிவத்தைக் கண்டு வியந்து, எதனால் வந்தது என்று ஆராய்வான். பாப்பெர்ட் 1980-இல் வெளியிட்ட நூலில், தாம் இளமையில் பற்சக்கரங்களை வைத்து விளையாடியதே தம்மைக் கணிதத்தின்பால் ஈர்த்தது என்று கூறுகின்றார். அவர் வழியில் 2007-இல் வெளிவந்த 'ஸ்கிராச்' என்னும் நிரல்மொழி இன்று நம் நாட்டுப் பள்ளிகள் பலவற்றிலும் வழங்குகின்றது.

நம் தேசத்திலேயே நிகழ்ந்த சோதனையொன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1999-இல் சுகதா மித்ரா என்பவர் புது டில்லியில் கால்காஜி என்னும் பகுதியில், தம் அலுவலகச் சுவரில் ஒரு துளையிட்டு, அடுத்திருந்த சேரிச் சிறுவர் தொடத்தக்கவாறு கணிப்பொறி ஒன்றை வைத்தார். சொல்லிக்கொடுப்பார் எவரும் இலர். ஆங்கிலமும் அவர்கள் அறியார். கூடி விளையாடியே அவர்கள் படம் வரையவும் இணையத்தில் உலவவும் கற்றுக்கொண்டனர். இதனால் ஆசிரியர் வேண்டாம் என்பது பெறப்படாது. தொடக்கத்தை விளையாட்டுத் தரும். ஆழத்தை ஆசிரியரும் நூலும் பயிற்சியுமே தருவன. எனினும், தொடங்காதவனுக்கு ஆழம் ஏது?

இது நிற்க. எம் கருத்துக்கு மாறாகக் கூறுவோர் கூற்றையும் நடுநிலைமையோடு நோக்குதல் வேண்டும். "விளையாட்டின் பெருமையை நீர் பேசுகின்றீர், இரவெல்லாம் கைப்பேசித் திரையை நோக்கி ஆடிக் காலையில் வகுப்பில் உறங்கும் மாணவனை நீர் கண்டதில்லையோ?" என்று எம் நண்பர் ஒருவர் வினவினார். கண்டதுண்டு, பலமுறை கண்டதுண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய்களின் பகுப்பில், கட்டுக்கடங்காத மின்விளையாட்டுப் பழக்கமும் ஒரு கோளாறாக இடம்பெற்றுள்ளது. உள்ளே இருப்பது யாதென்று தெரியாத பெட்டியைப் பணங்கொடுத்துத் திறக்கும் வகையில் அமைந்த விளையாட்டுக்கள் சூதாட்டமே என்று 2018-இல் பெல்ஜிய நாட்டு அதிகாரிகள் தீர்மானித்தனர். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கும் சட்டம் 2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றத்தில் நிறைவேறிற்று. விளையாட்டு வினையாகும் என்னும் பழமொழியை நம் முன்னோர் வீணே சொல்லவில்லை.

ஆயினும் இத்தீமைகளை உற்று நோக்கின் ஓர் உண்மை புலனாகும். இவற்றுள் மனிதன் மென்பொருளோடு விளையாடவில்லை. மென்பொருள் மனிதனோடு விளையாடுகின்றது. விளையாட்டுக்கு யாம் முன்னர்க் கூறிய இலக்கணங்கள் இங்கே ஒவ்வொன்றாகக் கெடுகின்றன. விரும்பிப் புகுந்தவன் விரும்பியபோது வெளியேற இயலவில்லை. இன்று ஆடாவிடில் நேற்றுவரை சேர்த்த மதிப்பெல்லாம் போய்விடும் என்று அச்சுறுத்துவதால் பிழைக்குத் தண்டமும் வந்துவிடுகின்றது. விதிகளோ ஆடுபவன் அறியாதவாறு மறைக்கப்பட்டிருக்கின்றன. ஆடி முடித்தபின் அவன் கையில் நிற்கும் திறன் ஒன்றுமில்லை. விளையாட்டின் வேடம் பூண்டு வரும் இதனை விளையாட்டென்று கொள்ளுதல் தகாது.

மென்பொருளுக்கு முன் தான் ஆடுகின்றோம் என்பதை மனிதன் மறப்பது புதிதன்று. 1966-ஆம் ஆண்டில் ஜோசப் வைஸன்பாம் என்னும் பேராசிரியர் 'எலைஸா' என்னும் மென்பொருளைப் பற்றிக் கட்டுரை எழுதி வெளியிட்டார். அது மனநல மருத்துவர் போல உரையாடும். உண்மையில், சொன்னவன் சொற்களையே சிறிது திருப்பி வினாவாக்கித் தரும் உத்தி அது. அதனை அவர் ஆக்கியதை நெடுநாள் கண்டிருந்த அவருடைய செயலாளரே, அதனோடு சிலமுறை உரையாடியபின், தனிமையில் பேசவேண்டும் என்று பேராசிரியரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். அந்நிகழ்ச்சி வைஸன்பாமை ஆழ்ந்த சிந்தனையில் ஆழ்த்திற்று. 1976-இல் அவர் எழுதிய நூலில், கணிப்பொறியிடம் ஒப்படைக்கலாகாத மனிதச் செயல்கள் உள என்று வற்புறுத்தினார். பொம்மையோடு விளையாடும் குழந்தை அதற்குச் சோறூட்டும். ஆயினும் தனக்குப் பசித்தால் தாயிடமே செல்லும். அவ்வறிவை இழத்தலே அபாயம்.

இவ்வபாயம் இன்று பெருகியிருத்தலை யாவரும் அறிவர். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்னும் உரையாடும் மென்பொருள் வெளிவந்தபோது, உலகத்தார் பலர் அதனை முதலில் விளையாட்டாகவே எதிர்கொண்டனர். பூனையைப் பற்றி வெண்பாப் பாடுக என்றனர். மாமியாரும் மருமகளும் பேசுவதுபோல் எழுதுக என்றனர். அதனைச் சிறுபிள்ளைத்தனம் என்று யாம் அப்பொழுது இகழ்ந்தோம். அடுத்த ஆண்டிலேயே எம் வகுப்பில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகள் எம் கருத்தை மாற்றின.

மாணவி ஒருத்தி, எழுத்தறியாத தன் பாட்டியார் புகழ்பெற்ற புலவர் என்று அத்தகைய மென்பொருள் ஒன்றிடம் பொய்யாகக் கூறி, அவர் இயற்றிய நூல்களைக் கேட்டாள். அதுவும் சற்றும் தயங்காமல் ஐந்து நூல்களின் பெயரையும், ஒவ்வொன்றின் சிறப்பையும், பெற்ற பரிசையும் எடுத்துரைத்தது. அவள் அதனைப் பாட்டியாருக்குப் படித்துக் காட்டி இருவரும் நகைத்தனராம். மாணவன் ஒருவனோ, விளையாட்டுக்கு நேரமில்லாத ஒழுங்குடையவன்; பாடக் கட்டுரைக்கு மட்டுமே அதனைப் பயன்படுத்தினான். அது தந்த நூற்பெயர்களை அப்படியே எழுதி எம்மிடம் கொடுத்தான். அவற்றுள் மூன்று நூல்கள் உலகில் எங்கும் இல்லாதவை. அவனுக்கு மதிப்பெண் குறைத்தோம். பின்னர்த் தனியே இருந்து எண்ணியபோது குற்றத்தின் ஒரு பங்கு எம்முடையது என்று தோன்றிற்று. பொறியைச் சீண்டிப் பார்க்க அவனுக்கு நாம் கற்பிக்கவில்லை, பணியவே கற்பித்தோம். விளையாடியவள் அதன் எல்லையை அறிந்தாள், விளையாடாதவன் ஏமாந்தான். இன்றைய பொறிகள் முன்னையவற்றினும் திருந்தியிருக்கலாம். ஆயினும், எத்துணைத் திருந்திய பொறியையும் அதன் சொல்லைக் கொண்டே அளத்தல் இயலாது. ஆடிப் பார்த்தே அளத்தல் வேண்டும்.

இனி எம் நெஞ்சை மிகவும் உறுத்துவதொன்றைக் கூறி, விண்ணப்பத்துக்கு வருவோம். நான்காம் விதியால் தடைப்படுவோர் யாவர்? வீட்டில் கணிப்பொறி உடைய மாணவன் கல்லூரியில் விளையாடாவிட்டாலும் வீட்டில் விளையாடுகின்றான். வேண்டியதைத் திறந்து, வேண்டாததைக் கெடுத்து, மீண்டும் திருத்தி, அச்சந்தெளிந்து வருகின்றான். சிற்றூரிலிருந்து வந்து விடுதியில் தங்கும் மாணவனுக்கு இவ்வறையொன்றே கதி. அவன் கணிப்பொறியைக் காண்பதெல்லாம் ஆய்வக நேரத்தில், கண்காணிப்பின்கீழ், மதிப்பெண்ணின் நிழலில். அவன் கையில் கைப்பேசி இருக்கலாம். ஆனால் கைப்பேசி காட்டுவதைக் காணவும் கேட்டதைப் பெறவும் உதவுமேயன்றி, உள்ளே புகுந்து ஆக்கியும் அழித்தும் பார்க்க எளிதில் இடந்தராது. ஆக, எல்லார்க்கும் ஒப்ப எழுதிய விதி ஏழைக்கே தடையாய் முடிந்தது. வேலைக்கான நேர்முகத் தேர்வில் ஒருவன் பொறிமுன் இயல்பாக அமர்வதும், மற்றொருவன் வியர்ப்பதும் அறிவின் வேற்றுமையால் அன்று. ஆடிய நேரத்தின் வேற்றுமையால். இதனை எண்ணாமல் கையொப்பமிட்டோமே என்று வருந்துகின்றோம்.

மிஷன் கல்லூரிகளை நிறுவிய பெரியோர் நூல்நிலையத்தைக் கட்டியதோடு அமையாது, பந்தாடும் மைதானத்தையும் உடனே திருத்தினர். மைதானத்தில் மாணவன் நேரத்தை வீணாக்குகின்றான் என்று எவரும் கூறுவதில்லை. ஆங்கு நேரமும் எல்லையும் உண்டு; உடன் நிற்கும் ஆசிரியரும் உண்டு. கணிப்பொறி அறைக்கும் அத்தகையதொரு மைதானம் வேண்டும் என்பதே எம் விண்ணப்பம்.

சனிக்கிழமைதோறும் பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரை அவ்வறை விளையாட்டுக்கெனத் திறந்திருக்கட்டும். விடுதி மாணவர்க்கு முதலிடம் அளிக்கப்படட்டும். அந்நேரத்தில் மதிப்பெண் இல்லை; வருகைப் பதிவு இல்லை; பிழைக்குத் தண்டமும் இல்லை. பணம் வைத்து ஆடுவனவும் பிறரைத் துன்புறுத்துவனவும் மட்டும் விலக்கப்படட்டும். ஆடுவதோடு நில்லாமல், சிறிய ஆட்டமொன்றைத் தாமே ஆக்க விரும்புவார்க்குத் துணைபுரிய ஆசிரியர் ஒருவர் உடனிருத்தல் நன்று. பழைய மாணவர்கள் தாம் கழித்த கணிப்பொறிகளைக் குப்பையில் இடாமல் நமக்கு அனுப்புவாராயின், அவற்றுள் நான்கைந்தைத் திறந்து பார்க்கவும் கெடுத்துப் பார்க்கவும் என்றே ஒதுக்கலாம். ஆசிரியப் பெருமக்களும் வந்து, மாணவரோடு அமர்ந்து, அவர்முன் பிழைசெய்யக் கூசாதிருத்தல் வேண்டும். முதல் சனிக்கிழமையில் யாமே முதலில் வந்து தோற்பதற்குச் சித்தமாயிருக்கின்றோம்.

மாணவ நண்பர்காள்! உங்களுக்கும் ஒரு சொல். எந்த மென்பொருளைத் திறந்தாலும் மூன்று வினாக்களை உங்களையே வினவிக்கொள்ளுங்கள். இதன் விதிகளை நான் அறிவேனா? நினைத்தபோது இதனை விட்டு எழ வல்லேனா? எழுந்தபின் என்னிடம் ஏதேனும் திறன் எஞ்சுமா? மூன்றுக்கும் ஆம் என்று விடை வருமாயின் அச்சமின்றி ஆடுங்கள், அது வீண்பொழுதாகாது. இல்லையென்று விடை வருமாயின், ஆட்டத்தில் காயாய் இருப்பவர் நீங்களே என்று அறிந்து எழுந்துவிடுங்கள்.

கல்லூரித் தலைமையார் இவ்விண்ணப்பத்தை ஏற்பாராயின், பலகையை மாற்றி எழுதுதற்கும் அதிகச் செலவில்லை. "இங்கு விளையாடுதல் கூடாது" என்பதன் முன்னர், "பாட நேரத்தில்" என்னும் இரண்டு சொற்களைச் சேர்த்தால் போதும். வண்ணமும் தூரிகையும் யாம் வாங்கித் தருகின்றோம்.